குஸ்கோவில் வாங்கிய தேங்காய்

சென்ற ஞாயிறு எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் ஒரே ஒரு தேங்காயை மூன்று முறை நிறுக்கச் சொன்னேன்.

"சாரே, தேங்காய் அங்ஙனே எளைக்காது. தராசும் சரிதான்" என்றார் மலையாளக் கடைக்காரர். பக்கத்தில் நின்ற என் மனைவி விசாலம் சிரித்தாள். அவள் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது.

பெரு நாட்டுக்கு நடைப்பயணம் போகிறேன், நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்திலுள்ள ஏரிக்குக் குதிரை ஏறாமல் நடந்தே போவேன் என்று இதே பத்தியில் உங்களிடம் வீறாப்பாகச் சொன்னேன் அல்லவா? எழுபத்தொரு வயதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்... யார் இருக்கிறார்கள்?

குஸ்கோ நகரமே மூவாயிரத்து நானூறு மீட்டர். விடுதிக்குப் போகும் கல் சந்தில் எழுபத்துநான்கு படிகள். ஒன்பது இடத்தில் நின்றேன். கோகா இலைத் தேநீர் நான்கு கோப்பை குடித்து, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். விசாலமோ சந்தையைச் சுற்றிவிட்டு ஒரு பையோடு வந்தாள். என்ன வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. ஆக்ஸிஜன் எண்பத்தாறா, எண்பத்தைந்தா என்பதே என் கவலை.

மலையேறும் முன் என் முதுகுப்பையை நிறுத்தேன். இரண்டு கிலோ முந்நூறு. எனக்குத் தோது.

ஆனால் ஏற ஏறப் பை கனத்தது. முதலில் நாற்பது அடிக்கு ஒருமுறை நின்றேன். பிறகு இருபது. பிறகு பன்னிரண்டு! வாடகைக் குதிரைக்காரர் ஒருவர் என் பின்னாலேயே வந்தார் – அவசரமே இல்லாமல், நிச்சயமாகக் கூப்பிடுவான் என்ற முகத்தோடு.

ஏரிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

"போறும் விசாலம். குதிரையைக் கூப்பிடு."

அவள் முகம் வாடியது. "அப்போ தேங்காய்?"

"எந்தத் தேங்காய்?"

என் பையைத் திறந்தாள். ஸ்வெட்டருக்கு அடியிலிருந்து முழுசாக ஒரு தேங்காயை எடுத்தாள்!

"நீங்க நடந்தே ஏறினா மேலேயே உடைக்கறேன்னு பிள்ளையார்கிட்ட வேண்டிண்டேன். சந்தையில கிடைச்சது."

"உன் வேண்டுதலை என் முதுகிலயா ஏத்துவே?"

"பின்னே? உங்களுக்காகத்தானே வேண்டிண்டேன், நீங்கதானே சுமக்கணும்!"

கோபத்துக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை போலும். எழுந்து விறுவிறுவென்று நடந்தேன். அறுபத்திரண்டு அடி நிற்கவே இல்லை! தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு விசாலம் பின்னால் வந்தாள். குதிரை திரும்பிப் போயிற்று.

பச்சை நிற ஏரி. அதன் கரையில், எங்கள் வழிகாட்டி வில்பர் சொன்னபடி, தேங்காயின் கண்ணைக் குத்தி நாலு சொட்டுத் தண்ணீரை முதலில் மண்ணுக்கு விட்டோம், அவர்கள் வழக்கம். பிறகு நம் வழக்கம். பாறையில் ஒரே வீச்சு. பதினொரு சில்லு. வில்பருக்கு மூன்று.

சரி, சாலைக் கடைத்தெருவுக்கு வருவோம். அதே அளவுத் தேங்காய் – மூன்று முறையும் அறுநூற்றுப் பத்து கிராம்.

"இவ்ளோதானா? இதுக்கா அப்படி மூச்சு வாங்கினேள்?" என்றாள் விசாலம்.

இப்போதும் சொல்கிறேன்... அந்தத் தராசில் ஏதோ கோளாறு.