ஒன்றாம் பால்

நாற்பத்தொரு வயதில் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்குப் பசும்பாலும் முட்டையும் முந்திரியும் ஆகாது என்பது ஒன்றரை வயதுக்குள் தெரிந்துவிட்டது. நெய் ஒரு சொட்டு பட்டாலே உதடு வீங்கிவிடும். கல்யாண வீட்டில் அவளை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டேன். யாராவது ஆசையாக வாயில் பிஸ்கட்டை வைத்துவிடுவார்களோ என்று பயம்.

எடை மட்டும் ஏறவில்லை. கொழுப்புச் சத்து போதவில்லை, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று மலையாளத்து டாக்டரம்மா சொன்னார். தேங்காய் அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று முன்பே சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

"தேங்காப்பால் கொடுக்குன்னில்லே சேச்சி?" என்று கேட்டார்.

"தெனமும் கஞ்சியில உண்டு" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ நாளைக்கு அந்தக் கஞ்சியை ஒரு பாத்திரத்துல கொண்டுவா."

மறுநாள் டிபன் டப்பாவைத் திறந்து கரண்டியால் கோரி ஊற்றிப் பார்த்தார். கரண்டியில் எண்ணெய்ப் பசையே இல்லை. "எப்படிப் பிழியறது?" என்றார்.

வெளியே வரிசையில் பத்துப் பெண்கள். கதவு திறந்தே கிடந்தது. எனக்கு நான்கு பேர் முன்னால் வாய் வராது. பத்தாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்கும்போது நின்ற மாதிரி நின்றேன். பிறகு இடுப்பிலிருந்த குழந்தையின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் இரண்டு விரல் அளவுகூட இல்லை. சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு தேங்காயை மூன்று தடவை பிழிவோம். கெட்டியான ஒன்றாம் பால் என் வீட்டுக்காரரின் மீன்குழம்பில் கடைசியாக ஊற்ற. இரண்டாம் பாலில் மீன் வேகும். அதே சக்கையில் வெந்நீர் விட்டுப் பிழிந்த மூன்றாம் பால் குழந்தைக்கு. கெட்டிப்பால் கொடுத்தால் மாந்தம் வந்து வயிறு உப்பிவிடும் என்பது என் நாத்தனாரின் சட்டம். வீட்டில் மூத்தவர் அவர்தான். நான் எதிர்த்துப் பேசியதில்லை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது வெறும் வெள்ளமல்லே சேச்சி, தண்ணி! நல்லதெல்லாம் சேட்டன்தானே திங்கறாரு!"

வெளியேயும் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனாலும் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றாம் பால், சோற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், முள் எடுத்துப் பிசைந்த மத்தி.

அன்று மதியம் முதல் பிழியலை நேராகக் குழந்தையின் கிண்ணத்தில் ஊற்றினேன்.

"என்ன பண்றே நீ? மாந்தம் வந்தா யாரு பாக்கறது?" என்றார் நாத்தனார்.

"நான் பாத்துக்கறேன் அண்ணி."  கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

இரவு அவர் தம்பி, என் வீட்டுக்காரர், குழம்பைத் தொட்டுப் பார்த்தார். "என்ன இது, சோத்துல நிக்காம ஓடுது?"

"உங்க பாலை உங்க மக குடிச்சிட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இப்படிப் பதில் சொல்லிக் கேட்டதில்லை. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மாந்தம் வரவில்லை. நாலாவது நாள் குழந்தை கிண்ணத்தைத் தூக்கி என்னிடம் நீட்டி, "தா" என்றாள். அதுவரை சாப்பாட்டைக் கண்டாலே வாயை மூடியே பழகியவள்.

அடுத்த மாதம் நாத்தனாரும் கூட வந்தார். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். எடைக் கருவியில் குழந்தையை உட்காரவைத்தோம். அது பிடிக்காமல் கத்தினாள், அந்தக் கத்தலிலும் ஒரு பலம் இருந்தது. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். "குழாயும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. போயிட்டு வா சேச்சி."

வெளியே வரிசையில் இருந்த பெண்களிடம் நானே சொன்னேன், கேட்காமலே. "எடை கூடிருச்சு!"

இப்போது தேங்காய் பிழிவது நாத்தனார்தான். முதல் பாலைக் குழந்தையின் கிண்ணத்தில் ஊற்றி மூடிவைப்பார். அந்தப் பக்கம் தம்பி வந்தால், "தொட்டே, கையை ஒடிச்சிருவேன். நீ தின்னது போதும்டா" என்பார்.