மகளுக்கு க்ரோன்ஸ், என் கையில் விசில்

கண்டக்டர் உத்தியோகத்தில் கால் வலியும் தொண்டை வலியும் நிச்சயம் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். கூடவே வயிற்று வலியும் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

வயிறு என்னுடையதல்ல, என் மகள் வெண்ணிலாவுடையது. சிதம்பரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கடலூரிலிருந்து தினமும் நான் போகும் பிரைவேட் பஸ்ஸில்தான் போய் வருவாள். வண்டி ஓட்டுவது என் மனைவியின் தம்பி செல்வம். மாசக்கணக்கில் அவளுக்கு வயிற்று வலி, ஓயாமல் பாத்ரூம், உடம்பு பாதியாகிவிட்டது. ஓட்டல் சாப்பாடு, காரம், கண் திருஷ்டி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் புதுச்சேரியில் டெஸ்ட் எடுத்து க்ரோன்ஸ் என்றார்கள். குடல் உள்ளுக்குள் வீங்கிப் புண்ணாகும் வியாதி. அடியோடு போகாது, மருந்தில் அடக்கி வைக்கலாம். வளர்ந்த பிள்ளையின் ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையும் அப்பா அம்மாக்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

வழி விடுங்க!

டெஸ்ட் அன்று அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். வெளியே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கதவை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். பழக்கதோஷம் சும்மா இருக்குமா? "வாசல்ல நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு பாருங்க, நகருங்க நகருங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். ஜனமும் நகர்ந்தது. இரண்டு பேர் டெஸ்ட் ரூமுக்குள்ளேயே போய்விட்டார்கள்.

நர்ஸம்மா வெளியே வந்து சொன்னார்: "ஐயா, உள்ள இருக்கறவங்களுக்குக் குடலுதான் பாக்கறோம், ஆளு ஏத்தல. நீங்க மொதல்ல உக்காருங்க."

பலாப்பழத்துக்கு ஒரு சீட்டு

முதுநகரில் ஏறும் மீன்காரம்மா ஒருத்தரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். மெதுவாக என்றால் கண்டக்டர் மெதுவு. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க வைத்தியர்கள். மாதுளம் தோல் என்றார் ஒருவர், கொய்யாக் கொழுந்து என்றார் இன்னொருவர். ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார் மூன்றாமவர். வெண்ணிலா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கும் காடாம்புலியூர்க்காரர் ஒருவர், அடுத்த தடவை முழுப் பலாப்பழத்தோடு ஏறி அவள் பக்கத்து சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டார். இப்போதைக்குப் பலா, முந்திரி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை விளக்கினேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "அந்தப் பொண்ணுக்குத்தான வேணாம்னாரு? நீ தின்னு. அவளவிட நீதான் எளச்சுப் போய்க் கெடக்கற."

பஸ் முழுக்கப் பார்த்தது

வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வாள்? இந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், தெரிந்தவர் வீடு என்று ரோடு நெடுக சுத்தமான பாத்ரூம்களைப் பேசி வைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். ஒவ்வொரு பாத்ரூம் வந்ததும் ஒரு விசில் கொடுத்துவிட்டு மகளைப் பார்ப்பேன். நான் பார்த்தால் பஸ் முழுக்கப் பார்க்கும். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவாள். பின்னால் டைமிங்கைப் பிடிக்க வரும் இன்னொரு பஸ் ஹாரனை அலற விடும். "வெக்கப்படாம போய்ட்டு வாம்மா, நாங்க இருக்கோம்" என்று ஒரு பெரியவர் வேறு எழுந்து வழி விட்டார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வியாதியவிட உன் விசிலுதாம்பா எனக்கு வலிக்குது. நாளையிலேருந்து நான் வேலைக்கே போகல."

டிரைவர் வாய் திறந்தார்

சொன்னபடியே மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ரூமுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. டீக்கடையில் செல்வத்திடம், "போவட்டும்டா. வீட்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். உண்மையில் எனக்குப் பயம். வாயில் விசிலை வைத்திருக்கும்வரை நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் பிடித்தால் வாய் திறக்காத செல்வம், அன்று டீ கிளாஸை டக்கென்று வைத்தான்: "மாமா, பாசஞ்சர் எறங்கணும்னு சொன்னாத்தான விசில் அடிப்ப? இவ எப்பச் சொன்னா?"

எனக்கு அவன்மேல் வந்த கோபம் அடங்க, சிதம்பரம் போய்த் திரும்பும் ஒரு நடை ஆயிற்று.

அவளே சொன்னது

வீட்டுக்குப் போய், "இனிமே நீ சொன்னாத்தாம்மா விசில்" என்றேன். மறுவாரம் டிபன் பாக்ஸில் குழைந்த சாதத்தோடு பஸ் ஏறினாள். முன் படிக்கட்டை ஒட்டிய சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பங்க்குகள் வந்தன, போயின. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும்.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு நாள், "செல்வம் மாமா, ஓரங்கட்டு" என்று அவள் குரல். ஒரு பங்க் வாசலில் வண்டி நின்றது. புதிதாக ஏறியிருந்த ஒருவர், "யாருக்காகய்யா நடு வழியில நிறுத்துறீங்க?" என்று என்னிடம் பாய்ந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் படியில் நின்றபடி அவளே திரும்பினாள்.

"எனக்காகத்தாண்ணே. குடல்ல வியாதி, போய்ட்டு வந்துடறேன். அவசரம்னா பின்னாடி பஸ்ஸு வருது, ஏறிக்கங்க."

வளர்ந்த பிள்ளைக்குத் துணையாக இருப்பதில் பாதிக்கு மேல் சும்மா நிற்பதுதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஒரு கண்டக்டரைப் போய்ச் சும்மா நிற்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.