குப்பம்மாவின் பாபூனா

கோவிந்தராஜ் குப்பம்மாவின் அறை வாசலுக்கு வரவில்லை. வழக்கம்போலப் பத்தடி தள்ளி நின்றே கத்தினார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்தச் செடியும் இங்க இருக்கக் கூடாது, நீயும் இருக்கக் கூடாது. சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

"நா இன்னா சார் பண்ணேன்?"

"கேள்வி வேறயா? என் பொண்டாட்டி மூஞ்சியைப் போய்ப் பாரு. நேத்து ராத்திரி ஒன் பூவைக் கொதிக்கவச்சுக் குடிச்சா. உதடு பலூன் மாதிரி வீங்கிக் கிடக்கு."

அவர் போய்விட்டார். குப்பம்மா துடைப்பத்தோடு நின்றாள். ஆவடியில் அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பைப் பதினான்கு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவள். வேலை கொடுத்தது குடியிருப்போர் சங்கம். பம்ப் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில் தங்க விட்டதும் அதே சங்கம். செயலாளர் கோவிந்தராஜ் வாயைத் திறந்து மூடுவதற்குள் இரண்டும் போய்விட்டன. 1989, தை மாதம். போக அவளுக்கு வேறு ஊரும் இல்லை, வீடும் இல்லை.

எல்லாம் அந்தப் பூவால் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தவளுக்குப் பூந்தமல்லி யுனானி வைத்தியர் ஹக்கீம் கலீலுல்லா ஒரு பிடி காய்ந்த பூ கொடுத்தார். பாபூனா என்றார். சீமைச் சாமந்தி என்றும் சொல்வார்கள். வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தாள். வலி அடங்கியது, தூக்கமும் வந்தது. காசு கொடுத்துப் பூ வாங்கிக் கட்டுப்படியாகாது என்று விதை கேட்டு வாங்கி வந்தாள். முதல் வருடம் கீரைக்கு மூடுவதுபோல மண்ணைத் தள்ளி மூடினாள். ஒன்றும் முளைக்கவில்லை. "அதுக்கு வெளிச்சம் வேணும்மா. மேலாகத் தூவிட்டுச் சும்மா விடு" என்று ஹக்கீம் சிரித்தார். அடுத்த கார்த்திகையில் ஓட்டை வாளிகளில் மணலோடு கலந்து தூவினாள். எறும்பு தூக்கிப் போகாமல் சுற்றி மஞ்சள்தூள் போட்டாள். தையில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்தது. அதிலிருந்து வருடா வருடம் பூக்கிறது.

எதிர் பிளாக் மஹ்பூபா ஒருத்திதான் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்து, குப்பம்மாவின் டம்ளரிலேயே வாங்கிக் குடிப்பாள். போன வாரம் கோவிந்தராஜின் மனைவி கஸ்தூரி வந்து நின்றாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்றாள். "ஒரு டம்ளர் போட்டுத் தரட்டாம்மா?" என்று குப்பம்மா கேட்டாள்.

"ஒன் கையாலயா?" என்று கஸ்தூரி திருப்பிக் கேட்டுவிட்டு நடந்தாள்.

அது ஞாபகம் வந்ததும் குப்பம்மா வாளிகளைப் பார்த்தாள். முந்தாநாள்தான் பூவையெல்லாம் கிள்ளி முறத்தில் காயவைத்திருந்தாள். செடியில் மொட்டைத் தவிர ஒன்றுமில்லை. முறத்திலும் யாரும் கைவைத்த மாதிரி இல்லை. அப்படியானால் கஸ்தூரி கொதிக்கவைத்தது எந்தப் பூவை?

கொதிக்கவைத்தவள் சக்கையை எங்கே போட்டிருப்பாள்?

காலையில் கஸ்தூரி வீட்டுக் குப்பையை அள்ளி வந்தவளே குப்பம்மாதான். அது இப்போது கேட்டருகே பெரிய தொட்டியில் கிடக்கிறது. பத்து மணிக்கு லாரி வரும்.

ஹாரன் சத்தம் கேட்டது.

துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடினாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மஹ்பூபா எட்டிப் பார்த்தாள். "இன்னா அக்கா, இந்த ஓட்டம் ஓடுற?"

"வண்டிய நிறுத்து மஹ்பூபா! கேக்காம இறங்கி வா!"

மஹ்பூபா ஈரக் கையோடு லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணே, ரெண்டு நிமிசம்."

"குப்பையில தங்கமா கீது?" என்றான் டிரைவர்.

"அதுக்கு மேல கீது. எஞ்சின நிறுத்து."

குப்பம்மா தொட்டிக்குள் இறங்கினாள். முட்டை ஓடு, மீன் செதில், ஊசிப்போன சாம்பார். எந்த வீட்டுக் குப்பை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கஸ்தூரி எதையும் தினத்தாளில் மடித்து, நூல் கட்டித்தான் போடுவாள். மூன்றாவது பொட்டலத்தில் அது இருந்தது. வெந்து கறுத்த இலைகள், குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் பூக்கள்.

கூட்டம் சேர்ந்தது. கோவிந்தராஜ் வந்தார். பின்னால் கஸ்தூரி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

குப்பம்மா தொட்டியை விட்டு ஏறி, ஓடிப்போய்த் தன் முறத்தை எடுத்து வந்தாள். தன் பூ ஒன்றை நகத்தால் நெடுக்காகப் பிளந்தாள். மஞ்சள் மேட்டுக்குள் வெற்றிடம். "இதான் பாபூனா. உள்ள வெறுங்கூடு. மோந்து பாருங்க, பழ வாசனை அடிக்கும். இப்ப இந்த அம்மா ஊட்டுச் சக்கையப் பாருங்க. எதிலயாச்சும் கூடு கீதா? மதிலுக்குப் பின்னாடி மண்டிக் கெடக்குதே அரிப்புச் செடி, அந்தப் பூ இது. புடுங்கினா என் கையே தடிச்சுப் போவும். அத்தக் குடிச்சா?"

"பார்த்தீனியம்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கோவிந்தராஜ் மனைவியைப் பார்த்தார். "எங்கடி பறிச்ச?"

கஸ்தூரியின் வீங்கிய உதட்டிலிருந்து சொல் குழறி வந்தது. "இலை ஒரே மாதிரி இருந்துச்சு... தானா மொளச்சது, யாரு கையும் படாததுன்னுதான்..."

குப்பம்மாவின் கை அள்ளாவிட்டால் மூன்றே நாளில் நாறிப்போகும் குடியிருப்பு அது. அந்தக் கை தொட்ட பூ ஆகாது, நஞ்சானாலும் தொடாத பூ ஆகும். படித்தவர்கள், இயந்திரம் செய்கிறவர்கள் வாழும் இடத்தில்தான் இந்தக் கணக்கு.

"சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார் கோவிந்தராஜ் தணிந்த குரலில்.

"காலைல தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னீங்களே சார். அதே சத்தத்துல சொல்லுங்க."

மஹ்பூபா இன்னும் லாரி முன்னால்தான் நின்றாள். டிரைவர் ஹாரனை அழுத்தினான். கோவிந்தராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்துக்கோ" என்று கத்தினார். "செடியும் இருக்கட்டும்."

ஒரு வாரம் கழித்து, வீக்கம் வடிந்த முகத்தோடு கஸ்தூரி வந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். "கொஞ்சம் விதை வேணும். சுவத்து மேல வச்சிடு, எடுத்துக்கறேன்."

குப்பம்மா விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கினாள். இரண்டு டம்ளரில் பூவைப் போட்டு ஊற்றி, ஒன்றைத் தட்டால் மூடி வைத்தாள்.

"வெதைக்கு இன்னாம்மா, தாராளமா தர்றேன். உள்ள வந்து குந்து. இத்தக் குடிச்சிட்டு வாங்கிகினு போ."

கஸ்தூரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருமுறை செருப்பைக்கூடக் கழற்றினாள். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

குப்பம்மா தன் டம்ளரை முடித்துவிட்டு, மூடிவைத்ததையும் எடுத்துக் குடித்தாள். விதைப் பொட்டலம் அவள் இடுப்பிலேயே இருந்தது.