கெர்ட்ரூட் டீச்சரின் கிராம்பு

எங்க தலைமை டீச்சர் கெர்ட்ரூட், கூட்டம் தொடங்கினதும் டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில போட்டுக்குவாங்க. அது வாயில இருக்கிற வரைக்கும் பேச மாட்டாங்க. நாங்க ஆறு டீச்சர்களும் பேசி முடிக்கணும், அப்புறம்தான் அவங்க. தான் முதல்ல வாயைத் திறந்தா மத்தவங்க தலையாட்டிடுவாங்கன்னு பயம். அவங்களுக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். 1934-ல, பிரிக்பீல்ட்ஸ்ல இருந்த எங்க மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தை இப்படித்தான் நடத்தினாங்க. எனக்கு எரிச்சலா வரும். அதிகாரம் இருக்கு, சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!

அந்த வருஷம் இராஜம்மா விஷயம் வந்துச்சு. ரயில் தண்டவாள வேலை செய்யற அய்யாவு மக. அம்மா காய்ச்சல்ல படுத்ததால மூணு மாசம் வகுப்புக்கே வரல. பள்ளிப் படிப்பு முடிக்கிற சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு அவ பேரைக் கொடுக்கலாமா?

"ஃபெயிலாகி நம்ம பேரைக் கெடுப்பா. அடுத்த வருஷம் எழுதட்டும்"னு முதல்ல பொரிஞ்சவ நான்தான், ஜோசஃபின். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, மத்த அஞ்சு பேரும் ஆமான்னுட்டாங்க. கெர்ட்ரூட் டீச்சர் கிராம்பைத் துப்பிட்டு, "எழுத விடலாம்னுதான் எனக்குத் தோணுது"ன்னாங்க. ஆறுக்கு ஒண்ணு. "சரி, முடிவாயிடுச்சு. வா ஜோசஃபின், போய்ச் சொல்லிட்டு வருவோம்."

ரயில்வே கூலிக்காரங்க லயன்ல அவங்க வீட்டு வாசல்ல அய்யாவு எழுந்து நின்னாரு. "அடுத்த வருஷமா? அப்போ இவ புருஷன் வீட்டுல இருப்பாம்மா. இந்த வருஷப் பரீட்சை வரைக்கும்தான் பொறுப்போம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருக்காங்க. யாரும்மா இப்படி முடிவு பண்ணது?"

டீச்சர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். 'நான் எழுத விடத்தான் சொன்னேன்'னு நல்ல பேர் வாங்கியிருக்கலாம். "நாங்கதான் முடிவு பண்ணோம். அதுல நானும் ஒருத்தி"ன்னாங்க. உள்ளே இராஜம்மா பள்ளிக்கூடத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கக் கட்டிக்கிட்டிருந்தா. அழக்கூட இல்ல, பாவி மக.

திரும்பி வரும்போது, "நீங்களே மாத்திடுங்களேன், டீச்சர்!"னு கத்திட்டேன்.

"ஏழு பேர் எடுத்த முடிவை ஒருத்தி மாத்தக்கூடாதும்மா. நீ மத்த அஞ்சு டீச்சர்கிட்டயும் பேசிப் பாரேன்."

அஞ்சு டீச்சர் வீடும் ஏறி இறங்கினேன். 'நான் சொன்னது தப்பு'ன்னு அஞ்சு தடவை சொல்றது லேசா? "அடேயப்பா, உன் வாயிலிருந்தா!"ன்னு உர்சுலா டீச்சர் கேலி பண்ணாங்க. மறுநாள் கூட்டத்துல ஏழு கையும் உயர்ந்துச்சு. ஆளுக்கொரு பாடமாப் பிரிச்சுக்கிட்டு அவளைப் படிக்க வெச்சோம். கணக்கு என் தலையில.

பாஸ் பண்ணிட்டா! கல்யாணமாகி ஒரு மாசத்துல ரிசல்ட் வந்துச்சு. கழுத்துல புது மஞ்சக் கயிறோட அவளும், ஒரு வாழைத்தாரோட அய்யாவும் வந்து நின்னாங்க.

"நீங்க மனசு வெச்சீங்கம்மா"ன்னு அய்யாவு டீச்சரைக் கும்பிட்டாரு.

கெர்ட்ரூட் டீச்சர் அவசரமா டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை வாயில போட்டுக்கிட்டாங்க. கையை நீட்டி எங்க ஆறு பேரையும் காட்டினாங்க.

இராஜம்மா நேரா வந்து என் கையைப் பிடிச்சா. ஏதாவது சொல்லணுமே! என் வாயிலயும் ஒரு கிராம்பு இருந்த மாதிரி நின்னேன்.