நேராக நின்ற ஆறு துண்டுகள்

எங்கள் அப்பாவுக்குக் கோணல் என்றாலே ஆகாது. ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும், சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து நேராக்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்.

அந்த மனிதர்தான், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அம்மா முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அக்காவுக்குப் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். விஜயதசமி மாலை குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கச்சேரி. அக்காவுக்கு அதுதான் முதல் மேடை. அதில் சொதப்பினால் கிட்டார் பரணுக்கு, அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்கு என்று அம்மா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அக்கா கடைக்குப் போயிருந்தாள். அப்பா வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டார். சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மணை, கடைசியாகக் கிட்டார். அதன் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு சின்ன இரும்புத் துண்டின்மேல் ஏறிப் போகும். ஆறு துண்டுகளும் முன்னும் பின்னுமாக நின்றன.

"இன்னாடா இது, கெயவி பல்லு மாதிரி கோணலா கீது!"

ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஸ்க்ரூவைத் திருகித் திருகி, ஆறையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். டார்ச் பிடித்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே பூஜைப் பலகையில் ஏற்றிவிட்ட கிட்டாருக்கும் மறுநாள் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பூஜையில் வைத்த பொருளை அதற்கடுத்த நாள் காலைவரை யாரும் தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் கிட்டாரை எடுத்து வாசித்த அக்காவின் முகம் மாறிவிட்டது. கம்பியை வெறுமனே மீட்டினால் சுருதி சரி. விரலை அழுத்திக் கழுத்தில் மேலே போகப் போக விலகியது. தலைப்பக்கத்துச் சுருதிச் சாவியைத் திருகி மேலே சரிசெய்தால் கீழே கெட்டது. புதுக் கம்பி மாட்டினாள். அதே கதைதான். அம்மா இட்லி ஆறுகிறது என்று கத்திப் பார்த்தாள்.

"இன்னிக்கு இதுவா நானான்னு பாத்துடறேன்" என்றாள் அக்கா. குனிந்தவள் அப்படியே நின்றாள். "ஏய், இதெல்லாம் முன்ன பின்னதான இருந்திச்சு? யாருடி நேராக்குனது?"

"அப்பாதான்! ஸ்கேல் வச்சு…"

அக்கா என் வாயைப் பொத்தினாள். அப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வுடாத. அவருக்குத் தெரியவே கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கழுத்தின் பாதியில், பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டால் துண்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், குறைவாகக் கேட்டால் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் மறுபடி முதலிலிருந்து சுருதி சேர்க்க வேண்டும். எனக்குக் காது கூர்மை. "கூட… இன்னும் கூட… ம், போதும்" என்று நான் சொல்லச் சொல்ல அவள் திருகினாள். விரல் நுனி சிவந்தும் விடவில்லை. மதியத்துக்குள் ஆறு துண்டுகளும் பழையபடி கோணலாகிவிட்டன. அப்பா அவ்வளவு அழகாகச் செய்ததைப் பாழாக்குகிறாளே என்று எனக்கு அழுகையே வந்தது.

மாலையில் கிட்டார் கணீரென்று பேசியது. அம்மாவே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் பொண்ணு" என்றாள்.

கச்சேரி முடிந்ததும் அப்பா மேடையேறி, கிட்டாரை வாங்கித் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். கம்பிகள் ஏறிப் போகும் அந்த இடம் வந்ததும் கை நின்றது. குனிந்து பார்த்தார். விரல்கள் சட்டைப் பையில் இருந்த ஸ்கேலைத் தொட்டன. ஆனால் கை வெறுமனேதான் வெளியே வந்தது.

"சூப்பரா வாசிச்ச கண்ணு" என்று சொல்லி, கிட்டாரை மெதுவாக உறையில் வைத்தார்.

"நல்லவேளை, அப்பா கவனிக்கல" என்று அக்கா காதில் கிசுகிசுத்தேன். அவள் அப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா எல்லாவற்றையும் துடைத்தார், கிட்டாரை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டார். வயசாகுது, உடம்பு வணங்கலை என்றாள் அம்மா. நானும் அதை நம்பினேன்.