ரோசக்காரச் சீலா

மொக்கம்மாள் அத்தையிடம் கருவாட்டைப் பேரம் பேசி வாங்கலாம், மோந்து பார்த்து வாங்க முடியாது. மோந்தால் கூடையை மூடிவிடுவாள். ஞாயிறானால் என் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் போய்க் கடை விரிப்பாள். திங்களன்று ஏறுகிற தோட்டத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். அதை அத்தையிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

போன ஐப்பசி மழையில்தான் வந்தது வினை. லயத்து வாசலில் கூடையைத் திறந்தால் சீலாக் கருவாடெல்லாம் ரோஸ் நிறம். போடிப் பக்கம் நிறம் என்றாலே சாயம்தான் நினைவுக்கு வரும். ஏலக்காய் கொஞ்சம் கூடுதல் பச்சையாக இருந்தால்கூட விரலில் தேய்த்துப் பார்க்கிற ஊர். தோட்டத்து சூப்பர்வைசர் தங்கபாண்டியும் அதைத்தான் செய்தான். விரல் சிவந்தது.

அத்தைக்கு வந்ததே கோபம். வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். சாயமென்றால் கழுவினால் போகும், இது போகாது, பார் என்று சவால் விட்டு ஒரு சீலாவை முக்கினாள். தண்ணீர் ரோஸ்மில்க் ஆகிவிட்டது. தங்கபாண்டி அத்தனை பேர் முன்னால் ஏமாத்துக்காரி என்று சொல்லி, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றான்.

மலை இறங்கும்வரை அத்தை வாய் திறக்கவில்லை. இந்தப் பொம்பளை கொஞ்சம் பேசாமல் வராதா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அன்று நானே வலியப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுச் சிவரஞ்சனி காலேஜில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிறாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்திலேயே அத்தை அந்தக் கருவாட்டை வைத்தாள். பெண் முகம் சுளிக்கவில்லை, செல்போனில் படம் எடுத்தாள். இது ஒரு வகை நுண்ணுயிர், வேறெதுவும் பிழைக்காத கடும் உப்பில்தான் வாழும், வெயில் தாங்கத் தானே நிறத்தை உண்டாக்கிக்கொள்ளும், நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்து நிறத்தை விட்டுவிடும் என்றாள். கருவாடு கெட்டுப்போச்சு, வீசிவிடுங்கள் என்றும் சொன்னாள். அத்தை முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அதே கூடையோடு ஜீப்பில் ஏறினாள். வேண்டாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இது சாயம் இல்ல. உசிரு. ஒவ்வொரு துண்டுலயும் கோடி கோடியா உசிரு ஓடிக்கிட்டு இருக்கு."

எட்டிப் பார்த்த பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். போன வாரம் தங்கபாண்டி வருவதற்கு முன்பே முதல் ஆளாக வாங்கிக் குழம்பு வைத்த அன்னக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குச் சாயமே தேவலையேக்கா" என்றான் தங்கபாண்டி.

தொலைந்தது பிழைப்பு என்று நான் வண்டியைத் திருப்பப் போனேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எலே, சோத்துல ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் திங்கிறவ நான். ஏமாத்துக்காரின்னு நீ சொன்னதுக்கு எனக்கு ஒரு வாரமாத் தூக்கமில்ல. இது உப்புலயே பொறந்து உப்புலயே வளர்றது. ரோசத்துல செவக்காம என்ன செய்யும்?"

முதலில் சிரித்தது அன்னக்கொடிதான். பிறகு லயமே சிரித்தது. தங்கபாண்டி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. தான் சொன்னது தப்புதான், சாயம் இல்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். கூடையை மட்டும் தயவுசெய்து புதைத்துவிடச் சொன்னான். அந்த வார்த்தைக்காகத்தானே அத்தை வந்தது. கூடைக் கருவாட்டையும் லயத்துக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டிவிட்டு, முணுமுணுக்காமல் வந்து வண்டியில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்றைக்கு வாடகை வாங்கவில்லை. அதற்கும் அத்தை சண்டை போட்டாள்.

இப்போதும் ஞாயிறானால் கடை விரிக்கிறாள். கூடை இறங்கியதும் அன்னக்கொடி கேட்பாள், "ரோசக்காரன் யாரும் வந்திருக்கானாக்கா?"

"இல்லடி. நான் மட்டுந்தேன் வந்திருக்கேன்."