பூச்சியத்துக்குக் கீழே ரீச்சர் என்னை இறக்கிய நாள்

சிவக்கொழுந்து ரீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் சவரக்கடையில், ஒரு கன்னம் மட்டும் வழித்த நிலையில் இருந்தேன். பாலையூற்றிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்றே சொன்னார். எழும்பப் போன என்னைக் கடைக்காரர் தோளைப் பிடித்து அமர்த்தினார். "இந்தக் கோலத்தில போனால் அந்த மனிசி இண்டைக்கும் உள்ள விடமாட்டா அண்ணை." அவரும் ரீச்சரிடம் படித்தவர்தான்.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் துறைமுக லாஞ்சியில் கயிறு பிடிக்கப் போனவன். ஆனாலும் வீட்டில் மகள் மலருக்கு நான்தான் கணக்கு வாத்தியார். மாலையில் அவள் கொப்பியோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருப்பாள் என்பதற்காகவே வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவேன்.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, நாலிலிருந்து ஏழைக் கழித்தால் என்ன என்று ஒரு கணக்கு வந்தது.

"ஏலாது எண்டு எழுது" என்றேன். எழுதினாள்.

ரீச்சரை அறிந்தவர்களுக்கு அவரது சிவப்பு மையும் தெரியும். பிழை என்று வெட்டமாட்டார், கேள்வி எழுதுவார். மலரின் விடைக்குக் கீழே, "யாருக்கு ஏலாது?" என்று எழுதியிருந்தார்.

"இனி நான் தனியச் செய்யிறன் அப்பா" என்று மலர் கொப்பியை மூடினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். ரீச்சர் வகுப்பைப் பள்ளிக்கு முன்னாலிருந்த இறங்குதுறைப் படிக்கட்டில் வைத்திருந்தார்.

"பூச்சியத்துக்குக் கீழ என்ன ரீச்சர் கிடக்கு?"

"தண்ணி தொடுற படி பூச்சியம். மேல கூட்டல் பக்கம், சக ஒண்டு, சக ரெண்டு. கீழ கழித்தல் பக்கம், சய ஒண்டு, சய ரெண்டு. என்ன கிடக்கெண்டு இறங்கிப் பாருங்கோவன்."

இறங்கினேன். "சய மூண்டு" என்று பிள்ளைகள் கத்தியபோது வேட்டி என்னைச் சுற்றிக் குடைபோல மிதந்தது.

"இனி அஞ்சு படி ஏறுங்கோ. எங்க நிப்பியள்?"

எண்ணிக்கொண்டே ஏறி, "சக ஒண்டு" என்று பெருமையோடு அறிவித்தேன்.

"அப்பா, நிண்ட படியையும் சேத்து எண்ணிப்போட்டியள். இன்னும் ஒண்டு ஏறுங்கோ" என்றாள் மலர்.

வகுப்பே சிரித்தது. ரீச்சர் தடுக்கவில்லை. "சிரியுங்கோ. ஆனால் உங்களில ஆரின்ர அப்பா கணக்குக்காக வேட்டி நனைச்சவர்?" என்றார்.

வேட்டியைப் பிழிந்தபடி அவரிடம் உண்மையைச் சொன்னேன். "பிள்ளை இனி என்னட்டக் கேக்கமாட்டாளாம் ரீச்சர்."

"தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லிப் பாருங்கோ. கேப்பாள்."

அன்று மாலை மலர் வரவில்லை. நான்தான் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"சய மூண்டில இருந்து சய ரெண்டைக் கழிச்சால்?" என்றாள், என்னைச் சோதிப்பதுபோல.

வாய் வரை வந்த "ஏலாது" என்பதை விழுங்கினேன். "தெரியாது பிள்ளை. ரீச்சரிட்டக் கேட்டு எனக்கும் சொல்லு."

மறுநாள் கொப்பியோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்து சொன்னாள். மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

ரீச்சரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்தத் "தெரியாது" ஒன்றுதான். இன்றும் வெட்கமில்லாமல் பாவிக்கிறேன்.

செத்தவீட்டில் ஒருவர் கேட்டார்: "உங்கட பிள்ளையைப் படிப்பிச்சவவோ?"

"ஓம், பிள்ளையையும்" என்றேன்.